மொய் நோட்டிலிருந்து டிஎன்ஏ வரை: குடும்ப வரலாறு தேடத் தொடங்குபவர்களுக்கு

குடும்ப வரலாறு தேட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, டிஎன்ஏ பரிசோதனைப் பெட்டியை எங்கே வாங்கலாம் என்பதைத்தான். அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். எச்சிலைத் துப்பி அனுப்பினால் பூட்டன் பெயரும் ஊரும் அச்சடித்து வராது. உங்களோடு இன்னார் இவ்வளவு மரபணுவைப் பகிர்ந்திருக்கிறார் என்று ஓர் எண் வரும், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கு அர்த்தம் பிடிபட வேண்டுமானால், வீட்டில் கேட்டு எழுதிய வம்சாவளியும் அதற்குச் சாட்சி சொல்லும் காகிதமும் முன்பே கையில் இருக்க வேண்டும். மதுரைச் சீமையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுத்து, தலைமுறை தலைமுறையாகப் பின்னிக் கிடக்கிற குடும்பங்கள் இவை. பரிசோதனை நிறுவனம் சொல்கிற உறவு இங்கே அப்படியே பொருந்தாது.

வயதில் மூத்தவர் முதலில்

குடும்பத்தில் உயிரோடு இருப்பவர்களில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள். சொல்லிவிட்டு, கைப்பேசியில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரம் போதும். அதற்கு மேல் அவர்களுக்கு அலுப்பு வந்துவிடும். "நம்ம வம்சத்தைச் சொல்லுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது. ஒரு பழைய கல்யாண போட்டோவைக் கையில் கொடுத்து, இது யார், இவர் பக்கத்தில் நிற்பது யார் என்று கேளுங்கள். சடங்குகளைப் பற்றிக் கேட்பது இன்னும் நல்லது. காதுகுத்தில் யார் மடியில் உட்கார வைத்தார்கள், தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது, அப்பத்தா செத்தபோது பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவந்தது யார் என்று கேட்டால் பெயர்கள் தானாக வரும். கோடி யார் போட வேண்டும் என்பதில் முறை தப்பாது என்பதால், அந்த ஒரு பதிலிலேயே ஒரு பெண்ணின் பிறந்த வீடு தெரிந்துவிடும்.

பெண்களிடம் தனியாக உட்கார்ந்து கேட்பது முக்கியம். ஆண்கள் பெரும்பாலும் தங்கள் பங்காளி வரிசையைத்தான் சொல்வார்கள். எந்த வீட்டுப் பெண் எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனாள், எந்தக் குழந்தை பிறந்து இறந்தது, யார் இரண்டாம் தாரம் என்பதெல்லாம் பெண்களின் நினைவில் இருக்கிறது. "அப்பத்தா, நீங்க பிறந்த ஊர் எது? உங்க அம்மாச்சி எந்த ஊர்க்காரங்க?" என்று கேட்டுக்கொண்டே போனால், வேறு எந்தப் பதிவேட்டிலும் இல்லாத தாய்வழி வரிசை மூன்று நான்கு தலைமுறைக்குக் கிடைக்கும்.

உறவுச் சொற்களில்தான் புதியவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள். "அவர் எங்க அண்ணன்" என்றால் கூடப்பிறந்தவராகவும் இருக்கலாம், பெரியப்பா மகனாகவும் இருக்கலாம், பெரியம்மா மகனாகவும் இருக்கலாம். "மாமா" என்றால் அம்மாவின் தம்பியா, அத்தையின் கணவரா, மாமனாரா என்று தெரியாது. பல குடும்பங்களில் மூன்றும் ஒரே ஆள். அதனால் ஒவ்வொரு பெயருக்கும், கூடப்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா, இரண்டுவிட்டவரா என்று ஒரு கேள்வியும், யாருடைய பிள்ளை என்று இன்னொரு கேள்வியும் கேட்டே ஆக வேண்டும். பூட்டன், ஓட்டன் என்ற சொற்களை ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்வார்கள். குறிப்பேட்டில் உங்களிலிருந்து எத்தனையாவது தலைமுறை என்று எண்ணாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் திரும்பி வரும் வழக்கம்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான். அதோடு தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிறோம். பெயரை உடையவன் என்பதால்தான் பெயரன், பேரன். இரண்டு வழக்கமும் சேரும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். கருப்பையா மகன் முத்தையா, க. முத்தையா என்று கையெழுத்துப் போடுகிறார். அவர் மகனுக்குத் தாத்தா பெயர்: மு. கருப்பையா. அவர் மகனுக்கும் தாத்தா பெயர்: மறுபடியும் க. முத்தையா. ஒரே ஊரில், ஒரே நிலத்துக்கு, ஐம்பது அறுபது வருட இடைவெளியில் இரண்டு க. முத்தையாக்கள். 1931-ஆம் வருடக் கிரயப் பத்திரத்தையும் 1984-ஆம் வருடப் பட்டாவையும் ஒரே ஆளுடையது என்று எடுத்துக்கொண்டால் இரண்டு தலைமுறை மரத்திலிருந்து காணாமல் போகும். ஒரு மனிதர் தொண்ணூறு வயதில் நிலம் வாங்குகிறார், அறுபத்தைந்து வயதில் தகப்பனாகிறார் என்று கணக்கு வந்தால் இந்தக் கோளாறுதான் என்று சந்தேகப்படுங்கள்.

மூத்த மகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர் என்று வைக்கும் வழக்கத்தைத் துப்பாகவும் பயன்படுத்தலாம். உடன்பிறந்தவர் நால்வரின் மூத்த மகன்களுக்கும் ஒரே பெயர் என்றால் அது அநேகமாகத் தாத்தா பெயர். ஆனால் துப்பு மட்டும்தான். குலதெய்வத்தின் பெயராகவும் இருக்கலாம்.

குலதெய்வமே ஒரு பெரிய ஆதாரம். சிவராத்திரிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ ஒரே கோயிலில் கூடுகிறவர்களில், வகையறா, கொத்து, கரை என்று பிரிந்து நின்று வரி கொடுப்பவர்கள் ஒரு தகப்பன் வழி வந்தவர்களாகத் தங்களைக் கருதுகிற பங்காளிகள். கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பெயர் இருக்கும். மகனுக்குக் கல்யாணமானால் அவன் புதுத் தலைக்கட்டு. இருபது வருட நோட்டுகள் கிடைத்தால் யார் எப்போது தனிக்குடும்பம் ஆனார், யார் பெயர் எப்போது நின்றது என்று வரிசையாகப் படிக்கலாம். பெண் கல்யாணமானதும் கணவன் வீட்டுக் குலதெய்வத்துக்கு மாறிவிடுவதால் இந்த ஆதாரம் ஆண் வழியை மட்டுமே காட்டும். எல்லாருக்கும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. கொண்டையங்கோட்டை மறவர்களின் கிளை தாய் வழியாக வருகிறது. நகரத்தார் ஒன்பது கோயில்களின் வழியாகப் பங்காளிகளை அடையாளம் காண்கிறார்கள். உங்கள் சமூகத்தின் முறை எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு எழுதுங்கள்.

மொய் நோட்டும் பத்திரமும்

பரணில் கிடக்கும் மொய் நோட்டைப் பழைய கணக்கு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மதுரைப் பக்கம் ஒரு குடும்பத்தின் உறவு வட்டத்தை இதைவிட முழுமையாகக் காட்டும் காகிதம் வேறு இல்லை. ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்: ஊர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு பெயர், சில சமயம் "மச்சான்" என்றோ "சம்பந்தி" என்றோ ஒரு குறிப்பு, தொகை. முதல் பக்கத்தில் இருப்பது தாய்மாமன் மொய். தொகை பெரிதாகவும் பித்தளை அண்டா, வேட்டி சேலை என்று பொருளாகவும் இருக்கும். நோட்டை ஊர் வாரியாகப் பிரித்து எழுதினால், ஐந்தாறு பேர் ஒரே ஊரிலிருந்து வந்திருப்பது தெரியும். அந்த ஊரில் உங்கள் குடும்பப் பெண் ஒருத்தி வாழப்போயிருப்பாள், அல்லது அங்கிருந்து ஒருத்தி வந்திருப்பாள். செய்த மொய்யைத் திருப்பிச் செய்யும் வழக்கம் இருப்பதால், அந்த ஊர்க்காரரின் நோட்டிலும் உங்கள் தாத்தா பெயர் இருக்கும். இரண்டையும் ஒத்துப் பார்த்தால் வருடமும் உறவும் உறுதியாகும்.

கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாம் இதே வகை. மகன்கள், மருமகன்கள், பேரன் பேத்திகள் என்று வரிசையாக அச்சிட்டிருப்பார்கள். யார் பெயர் விடுபட்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சண்டையாக இருக்கலாம், முன்பே இறந்தவராக இருக்கலாம்.

அரசாங்கக் காகிதங்களில் அதிகம் பேசுவது நிலப் பத்திரம்தான். பழைய கிரயப் பத்திரம் ஜில்லா, தாலுகா, கிராமம், சாதி, தொழில், இன்னார் குமாரர் இன்னார் என்று தொடங்கும். நிலம் "பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டது" என்று இருந்தால் அப்பா வழியில் வந்தது. "சுயார்ஜிதம்" என்றால் அவரே சம்பாதித்தது. "மைனருக்காகக் கார்டியனும் தாயாருமான" என்ற வரி வந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பல குடும்பங்களில் பூட்டியின் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் அதுவாக இருக்கும். நான்கெல்லை விவரத்தையும் விடாமல் படியுங்கள். ஒரே நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பிரிந்தது என்றால் வடக்கிலும் தெற்கிலும் இருப்பது பங்காளிகளின் நிலமாக இருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அது முழு வம்சாவளிதான்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975-லிருந்து எடுக்கலாம். அதற்கு முந்தையது வேண்டுமானால் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, அட்டவணையைக் கையால் தேட வேண்டும். 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி பெயர் வாரியாக ஓர் அட்டவணையும் சொத்து வாரியாக இன்னோர் அட்டவணையும் இருக்கின்றன. சர்வே எண் தெரியாதவர்கள் பெயர் அட்டவணையைக் கேளுங்கள். முதல் புத்தகத்தில் உள்ள சொத்துப் பத்திரங்களைக் கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பதிவான உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மற்றவர்களுக்கு நகல் கிடைக்காது, இறந்த பிறகு கேட்கும் எவருக்கும் கிடைக்கும். பாகப்பிரிவினை வழக்கு நடந்த குடும்பமென்றால் பிராதோடு வம்சாவளி அட்டவணை இணைத்திருப்பார்கள். அது ஒரு தரப்பு கொடுத்தது. எதிர்த் தரப்பின் பதிலுரையையும் சேர்த்துப் படித்த பிறகே நம்ப வேண்டும்.

பிறப்பு இறப்புப் பதிவு சென்னை மாகாணத்தில் 1899-ஆம் வருடச் சட்டத்தின் கீழும், பிறகு 1969-ஆம் வருட மத்தியச் சட்டத்தின் கீழும் நடந்து வருகிறது. பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், ஊர், இவ்வளவுதான். அதனால் பெயரைக் கொடுத்துத் தேடினால் "பதிவு இல்லை" என்று பதில் வரும். தகப்பன் பெயரையும் வருடத்தையும் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது பல ஊர்களில் நோட்டுகள் கைமாறின. பழைய கர்ணம் வீட்டுப் பரணிலும் கேட்டுப் பார்ப்பது வீண் வேலையில்லை.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காதைத் தொட்டால் சேர்த்துக்கொண்ட காலத்தில், வாத்தியார் மே, ஜூன் மாதத்தில் ஒரு தேதியை எழுதி வயதைச் சரிக்கட்டுவார். தேதி பொய்யாக இருந்தாலும் தகப்பன் பெயரும் ஊரும் மெய். உசிலம்பட்டி, செக்கானூரணி வட்டாரத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்த காலத்து மக்கள் அதில் போலீஸ் கண்ணில் பட்ட ஆட்களாக இல்லாமல், பிள்ளையைப் படிக்க அனுப்பிய தாய் தகப்பனாக இருக்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வாரியான தாள்களைத் தேடி அலைய வேண்டாம். தனிநபர் விவரங்களைப் பார்க்க இந்தியச் சட்டம் இடம் தருவதில்லை. அதற்குப் பதில் 2002-ஆம் வருட வாக்காளர் பட்டியலைப் பாருங்கள்; வீட்டு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயரோடு ஒரு தெருவே கிடைக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் உண்டு. ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்கள் பெரும்பாலும் உறவினர்களுடையவை. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு.

மதுரை ஜில்லா என்ற பெயரிலும் கவனம் வேண்டும். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை இன்றைய ராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளும், 1985 வரை திண்டுக்கல்லும், அதற்குப் பிறகு சில காலம் தேனியும் மதுரையாகவே இருந்தன. பேரையூர் என்று எழுதியிருந்தால் மதுரை மாவட்டத்துப் பேரையூரா, கமுதிப் பக்கத்துப் பேரையூரா என்று தாலுகாவைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்கோ மலேயாவுக்கோ பர்மாவுக்கோ போன கிளை இருந்தால் அந்தப் பக்கக் காகிதங்களையும் தேடிப் பாருங்கள்; சில நாடுகளில் இங்குள்ளவற்றைவிட விரிவாக இருக்கும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம்வரை இருக்கிறது. மொரீஷியசுக்குப் போனவர்களின் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. எழுத்துக்கூட்டலை மட்டும் தளர்த்திக்கொள்ளுங்கள். முத்துவை வெள்ளைக்கார எழுத்தர் மூட்டூ என்றும் மூட்டு என்றும் எழுதியிருப்பார்.

வருடத்தைக் கண்டுபிடிப்பது

ஓலையிலோ நோட்டிலோ ஜாதகம் இருந்தால் அதில் தமிழ் வருடப் பெயர் இருக்கும். அது 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்றால் 1876-77-ஆகவும் இருக்கலாம், 1936-37-ஆகவும் இருக்கலாம், 1996-97-ஆகவும் இருக்கலாம். எது என்று குருவையும் சனியையும் வைத்துச் சொல்ல முடியாது. 60 வருடத்தில் குரு ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் ஏறக்குறைய முடித்துவிடுவதால், இரண்டும் பழைய ராசியிலோ அதற்கு அடுத்த ராசியிலோதான் நிற்கும். ராகுவைப் பாருங்கள். ராகு ஒரு சுற்றுக்கு சுமார் 18.6 வருடம் எடுப்பதால் 60 வருடத்தில் மூன்று சுற்றுப் போக இன்னும் ஏறக்குறைய 80 பாகை நகர்ந்திருக்கும். அதாவது இரண்டு மூன்று ராசி தள்ளி. ஜாதகத்தில் ராகு நிற்கும் ராசியைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

வருவாய்த்துறைக் காகிதங்களில் பசலி என்ற வருவாய் ஆண்டின் எண் இருக்கும். அதோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஜூலை மாதத்தின் ஆங்கில வருடம். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. பாட்டிமார் நினைவில் வருடம் இருக்காது, சம்பவம் இருக்கும். காந்தி மதுரையில் மேல்சட்டையை விட்டது 1921, மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939, வைகை அணை திறந்தது 1959. "அணை கட்டும்போது உங்க பெரியப்பா கைக்குழந்தை" என்றால் அது போதுமான தேதி. திதி கொடுக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் தர்ப்பணத்துக்கென்று மூன்று தலைமுறைப் பெயர்கள் மனப்பாடமாக இருக்கும். திருப்புவனத்துக்குப் போய் வருகிறவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய காகிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், செல்லோடேப் ஒட்டாதீர்கள். மங்கிய எழுத்தாக இருந்தால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் யாருடைய வீட்டில் எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுங்கள். மரத்தை வரையக் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும்; தமிழிலேயே பெயர் எழுதலாம். குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடுங்கள், அப்பா பெயரை அதில் போட்டால் தேடலில் எல்லாம் குழம்பிவிடும். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வரும் ஒரே ஆளை இரண்டு தடவை உருவாக்கிவிடாமல் ஒரே ஆளாகவே இணையுங்கள்.

இப்போது டிஎன்ஏ

மூன்று வகைச் சோதனை உண்டு. முதல் வகை, அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி என்று வரும் 22 ஜோடிக் குரோமோசோம்களைப் பார்ப்பது. முந்நூறு கோடி எழுத்துகளில் ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படித்து, இன்னொருவரோடு எவ்வளவு நீளம் ஒத்துப்போகிறது என்று சென்டிமார்கன் என்ற அலகில் சொல்லும். இரண்டாவது ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மூன்றாவது மைட்டோகாண்ட்ரியா, அம்மாவிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தாலும், அடுத்த தலைமுறைக்கு மகள் வழியாக மட்டுமே போகும். குலதெய்வம் போகிற வழியில் ஒய் போகிறது. பிறந்த வீட்டுப் பெயர் தொலைந்துபோன பாட்டிமார் வழியில் மைட்டோகாண்ட்ரியா போகிறது.

முதல் வகையின் சராசரிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் பிள்ளைக்குள் சுமார் 3,480 சென்டிமார்கன், கூடப்பிறந்தவர்களுக்குள் 2,600, தாத்தா பாட்டி அல்லது தாய்மாமன் என்றால் 1,750, ஒன்றுவிட்ட உறவுக்கு 870, இரண்டுவிட்ட உறவுக்கு 230, மூன்றுவிட்ட உறவுக்கு 70 சொச்சம். இவை சராசரிதான், இரண்டு பக்கமும் நிறையவே விலகும். மூன்றுவிட்ட உறவினரில் பத்தில் ஒருவர் உங்களோடு ஒன்றுமே ஒத்துப்போகாமல் இருக்கலாம். அதனால் உறவே இல்லை என்று ஆகாது.

தமிழர்களுக்கு முதல் சிக்கல் இங்கேதான். சித்தப்பா மகனும் 870, அத்தை மகனும் 870. ஒருவர் அண்ணன், இன்னொருவர் மச்சான். நம் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய வேறுபாடு உறவில் கிடையாது. அந்த எண்ணுக்கு அது தெரியாது. பிரித்துப் பார்க்க இரண்டு வழி. இருவரும் ஆண்களாக இருந்தால் ஒய் சோதனை: பங்காளிகள் என்றால் சோதனை ஒப்பிட்டுப் பார்க்கும் 37 குறியிடங்களில் எல்லாமோ ஏறக்குறைய எல்லாமோ ஒத்துப்போக வேண்டும். இன்னொன்று எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டுமே வருவதால், அண்ணன் தம்பி பிள்ளைகளான இரண்டு ஆண்களுக்குள் அப்பா வழியில் எக்ஸ் பங்கு இருக்க வாய்ப்பே இல்லை. பெரிய எக்ஸ் துண்டு ஒத்துப்போனால் தாய் வழியில் ஒரு தொடர்பு இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது சிக்கல் சொந்தத்துக்குள் கல்யாணம். ஒருவர் தன் அக்கா மகளைக் கட்டியிருக்கிறார் என்று வையுங்கள். அவர்களுடைய பிள்ளைக்கு அப்பத்தாதான் அம்மா வழியில் பூட்டியும், அதாவது அம்மாவின் பாட்டியும். அந்த ஒரு பாட்டியிடமிருந்து 25 சதவீதம் வர வேண்டிய இடத்தில் சராசரியாக 37.5 சதவீதம் வருகிறது. இந்தப் பிள்ளைக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒத்துப்பார்த்தால் 870-க்குப் பதில் சராசரி 1,100-ஐத் தாண்டும். இணையதளம் அதைப் பார்த்துவிட்டு, அரை உடன்பிறப்பாக இருக்கலாம் என்று ஒரு வரி காட்டக்கூடும். அந்த வரியைப் படித்து மனம் உடையத் தேவையில்லை. அத்தை மகளைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டுப் பூட்டன் பூட்டிகள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகளுக்குள் 870 அல்ல, அதன் இரு மடங்குக்கு அருகில் வரும். சோதனைக்கு முன்பே மரத்தில் இந்தக் கல்யாணங்களை எல்லாம் குறித்திருந்தால் எண் ஏன் வீங்கியிருக்கிறது என்பது பார்த்தவுடன் புரியும்.

மூன்றாவதாக, பல நூற்றாண்டுகளாக ஒரே சாதிக்குள் கல்யாணம் நடந்திருப்பதால், முன்பின் தெரியாத ஆளோடும் சின்னச் சின்னத் துண்டுகள் நிறைய ஒத்துப்போகும். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் நெருங்கிய உறவு போலத் தோன்றும். மொத்தத்தைப் பார்க்காமல், இருப்பதில் நீளமான துண்டு எது என்று பாருங்கள். 7 சென்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகளைத் தள்ளிவிடுங்கள், பாதிக்கு மேல் தற்செயல். மொத்தம் 90 இருந்தும் நீளமான துண்டு 10-தான் என்றால் அது பழைய கலப்பு. மொத்தம் 60-ஆக இருந்தும் ஒரே துண்டு 35 இருந்தால் அந்த ஆளுக்கு உடனே எழுதுங்கள்.

யாரைச் சோதிப்பது? உங்களை அல்ல, வீட்டில் மூத்தவரை. ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் பாதி கரைந்துபோகிறது. தாத்தாவின் எச்சிலில் இருப்பது உங்களிடம் கால்வாசிதான். அடுத்து, சந்தேகமுள்ள இணைப்புக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். "மலேயாவுக்குப் போன எங்கள் தாத்தாவின் அண்ணன் பிள்ளைகள் இவர்கள்தானா" என்பது போல ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற ஆளைத் தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டுத் தரவுத்தளங்களில் ஊரில் இருப்பவர்களைவிடப் புலம்பெயர்ந்த கிளைகளே அதிகம் என்பதால் இந்த வகைக் கேள்விக்குத்தான் பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

வாங்கும் முன் இந்திய முகவரிக்கு அனுப்புகிறார்களா, மாதிரியை இங்கிருந்து திருப்பி அனுப்ப வழி உண்டா, மூலத் தரவைப் பதிவிறக்க விடுகிறார்களா என்று மூன்றையும் பாருங்கள். எச்சில் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து சாப்பாடு, டீ, பீடி, பல் துலக்குதல் எதுவும் கூடாது. வெற்றிலை போடுகிறவர்கள் என்றால் காலையில் முதல் வெற்றிலைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். குழாயில் கோடுவரை நிரம்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. வயதானவர்களுக்கு வாய் உலர்ந்திருக்கும், கன்னத்தை வெளியிலிருந்து மெதுவாகத் தேய்த்துவிட்டால் ஊறும். அப்படியும் முடியாவிட்டால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவும் வகைப் பெட்டியை வாங்குங்கள். மூடியில் உள்ள பதப்படுத்தும் திரவம் முழுவதும் இறங்கும்படி இறுக்கி மூடிக் குலுக்குங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைக்காதீர்கள்.

"இத்தனை சதவீதம் தென்னிந்தியர்" என்று வரும் இனக் கணிப்புக்காக மட்டும் பணம் செலவழிக்காதீர்கள். நமக்கு அது சொல்வது நமக்கே தெரிந்ததுதான். டிஎன்ஏவில் சாதி எழுதியிருப்பதும் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராமசாமி பிச்சப்பன் குழுவினர் உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் ஊரில் எம்130 என்ற ஒய் குறியைக் கண்டது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து கடற்கரையோரமாக ஆஸ்திரேலியாவரை போன ஆதி மனிதர்களின் தடம் அது. பல்லாயிரம் வருடத்துக் கதை என்பதால், ஒருவருக்கு அந்தக் குறி இருக்கிறது என்பது அவருடைய ஏழாம் தலைமுறைப் பாட்டன் யார் என்று சொல்லாது. ஒரே ஊரில், ஒரே சாதியில், பல ஒய் கிளைகள் இருப்பது சாதாரணம்.

அனுமதி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சோதிக்கப்படுகிறவருக்குத் தமிழில், புரியும்படி, மூன்றையும் சொல்லுங்கள்: மாதிரி எங்கே போகிறது, யார் பார்க்கலாம், எதிர்பாராத உறவு தெரியவரலாம். 2023-இல் 23அண்ட்மீ என்ற அமெரிக்க டிஎன்ஏ சோதனை நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருட்டுப் போயின. 2025 மார்ச்சில் அதே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. தரவை இறக்கி வைத்துக்கொண்டு, வேண்டாதபோது கணக்கையும் மாதிரியையும் அழிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

முடிவு வந்து, பங்காளி என்று இத்தனை நாள் எண்ணியவரோடு ஒய் ஒத்துப்போகவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். மாதிரிக் குழாய் மாறியிருக்கிறதா, க. முத்தையா குழப்பம் போலப் பெயர் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து சுவீகாரம் உண்டா, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து மனைவி வீட்டுக் குலதெய்வத்தை ஏற்றவர் உண்டா, இரண்டாம் தாரத்தின் முதல் கணவர் பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்த்தவர் உண்டா என்று பத்திரங்களிலும் பெரியவர்களிடமும் தேடுங்கள். இவை எதுவும் குற்றமல்ல. ஊர் அறிந்து ஏற்ற ஏற்பாடுகள். உறுதி செய்ய அதே பங்காளி வரிசையின் இன்னொரு கிளையிலிருந்து மூன்றாவது ஆணைச் சோதியுங்கள், அவர் யாரோடு ஒத்துப்போகிறார் என்பதில் எந்தத் தலைமுறையில் வழி மாறியது என்று தெரியும். தெரிந்ததை மரத்தில் இரண்டு கோடாகக் குறியுங்கள்: வளர்த்த வழிக்கு முழுக்கோடு, இரத்த வழிக்குப் புள்ளிக்கோடு. சம்பந்தப்பட்டவர் உயிரோடு இருந்தால், அவரிடம் தனியாகச் சொல்லி அவர் சரி என்று சொல்லும்வரை புள்ளிக்கோடு உங்கள் நோட்டோடு இருக்கட்டும்.